பிள்ளை பார்க்கப் புறப்படும் மச்சானுக்கு

1

மனைவியின் தம்பி குகன் ஊரிலிருந்து கடிதம் எழுதியிருக்கிறான். மொன்றியலில் இந்த வருடத்தின் முதல் பனி விழுந்த அன்றைக்குத்தான் அது வந்து சேர்ந்தது. இரண்டில் எதைப் பார்த்து முதலில் பெருமூச்சு விட்டேன் என்பது ஞாபகமில்லை.

"அத்தான், பிள்ளை பாக்கிற வேலைக்கு ஆம்பிளையளையும் கனடாவுக்கு எடுக்கினமாம். நீங்களும் அப்பிடித்தான் போனனீங்கள் எண்டு அக்கா இப்பதான் வாய் திறந்தவ. எந்தக் காலத்துக்கு என்ன செய்யவேணும், அங்கை எங்கடை ஆக்கள் எப்பிடி, எல்லாத்தையும் விபரமா எழுதுங்கோ."

அக்கா இவ்வளவு நாளும் வாய் திறக்காததற்குக் காரணம் நான். யாழ்ப்பாணத்தில் ஒரு பாடசாலை விடுதியில் பதினொரு வருடம் வார்டனாக இருந்தவன், கனடாவில் 'கல்வித்துறையில்' இருப்பதாகத்தான் ஊருக்குச் சொல்லிவைத்திருந்தேன். குழந்தையின் மூக்கைத் துடைத்துவிடுவது எந்தத் துறையில் அடங்கும் என்று யாரும் குறுக்கு விசாரணை செய்யவில்லை.

குகனுக்குத் தனியாக எழுதினால் அவன் ஒருவன்தான் தப்புவான். பத்திரிகைக்கு எழுதினால் இன்னும் நாலைந்து பேர் தப்பலாம்.

முதலில் சட்டம். வந்திறங்கி முப்பத்தாறு மாதத்துக்குள் இருபத்துநான்கு மாதம் முதலாளியின் வீட்டிலேயே தங்கி வேலை செய்திருக்கவேண்டும். செய்தால் நிரந்தரமாக இருக்க விண்ணப்பிக்கலாம், மனைவி பிள்ளையைக் கூப்பிடலாம். ஒரு மாதம் குறைந்தாலும் பெட்டியைக் கட்டவேண்டியதுதான்.

நான் வந்திறங்கியது 2001 சித்திரையில். முதல் வீடு லொங்குய்யில். ஏழு மாதம் இரட்டைக் குழந்தைகளை இரண்டு இடுப்பிலும் வைத்துக்கொண்டு திரிந்தேன். பிறகு அந்தக் குடும்பம் வன்கூவருக்குப் போய்விட்டது. என் வேலை அனுமதித் தாளில் அவர்களுடைய பெயர்தான் அடித்திருந்தது. அவர்கள் போனதும் தாள் செத்தது. புது வீடு பிடித்து, கியூபெக் அரசு ஒரு தாள் தந்து, அதைப் பார்த்துவிட்டு ஒட்டாவா இன்னொரு தாள் தர, பதினொரு மாதம் போயிற்று. ஒரு நாட்டுக்குள் இரண்டு அரசாங்கம். கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்ட சம்பந்திகள் மாதிரி, ஒருவர் எழும்பாமல் மற்றவர் எழும்பமாட்டார். அந்தப் பதினொரு மாதமும் மொன்றியலின் என்.டி.ஜி. பகுதியில் பரமண்ணை என்ற சொந்தக்காரரின் சோபாவில் கிடந்து முகட்டைப் பார்த்தேன். முடிவில் மிச்சமிருந்தது பதினெட்டு மாதம். அதற்குள் நான் முடிக்கவேண்டியது பதினேழு.

இன்னொரு முறை வேலை போனால் இன்னொரு தாள் வருவதற்குள் காலம் முடிந்துவிடும். மனைவியும் மகளும் யாழ்ப்பாணத்திலேயே இருக்கவேண்டியதுதான். இதை மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசியுங்கள்.

2

எங்கடை ஆக்கள் எப்படி என்று கேட்டிருக்கிறான். பரமண்ணை என் தூரத்துச் சொந்தம். எண்பத்தாறில் அகதியாக வந்தவர், இப்போது ஒரு உணவகத்தின் சமையற்கட்டைக் கட்டி ஆள்கிறார். சனி இரவு வேலை வீட்டிலிருந்து விடுதலையாகி அவரிடம் போனால், கதவைத் திறக்கும்போதே உள்ளே பார்த்துச் சொல்லுவார்:

"பேபி சிற்றர் வந்திட்டார். ஆராவது அழுறியளோ? அழுதா தூக்கி வைச்சிருப்பார்."

"அண்ணை, நீங்கள் இருபது வருசமாக் கோப்பை கழுவுறியள். நான் அதைப் பற்றி ஏதும் கதைச்சனானோ?"

"கோப்பை கழுவுறது ஆம்பிளை வேலையடா. கோப்பை அழாது."

விருந்தாளிகள் இருந்தால் நான் 'கொம்பியூட்டர் ஆக்களின்ரை வீட்டு மனேச்சர்' ஆகிவிடுவேன். மானம் அவருடையது, சம்பந்தப்பட்டவன் நான்.

ஆகவே குகன், சமூக வாழ்க்கை என்று எனக்கு இருந்தது ஞாயிறு பின்னேரம் அதே என்.டி.ஜி.யில் ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபம். பிள்ளை பார்ப்பவர்கள் அங்கே கூடுவார்கள். முப்பது பிலிப்பினோப் பெண்கள், அவர்கள் நடுவே மீசையோடு நான். 'குயா' என்று கூப்பிடுவார்கள். அவர்கள் மொழியில் அண்ணன். நூடில்ஸ் தருவார்கள். பாட்டுப் போட்டியில் என்னைப் பாடவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். தங்கள் பிள்ளைகளின் படங்களைக் காட்டுவார்கள், நான் மகளின் படத்தைக் காட்டுவேன். எல்லாமே பழைய படங்கள். எங்கடை ஆக்கள் பதினொரு மாதத்தில் ஒருநாளும் கேட்காததை அவர்கள் முதல் நாளே கேட்டார்கள்: "குயா, உங்களுக்கு இன்னும் எத்தனை மாதம்?"

இவர்களுக்குத் தலைவி லோர்னா. ஒட்டாவாவில் ஒரு முகவர் நிலையம் அடித்த 'பருவகால ஆலோசனைகள்' என்ற தாளை அவள்தான் எல்லாருக்கும் தருவாள். நான்கு பருவம், நான்கு படம், சிரிக்கும் ஒரு சூரியன். இவ்வளவு சந்தோசமான தாளை அதற்கு முன் நான் கண்டதில்லை.

இளவேனிலில் ரப்பர் சப்பாத்துப் போடுங்கள், சேறாக இருக்கும் என்றது தாள். சேறு எப்படி இருக்கும் என்று எனக்கு ஒட்டாவாவிலிருந்து சொல்லித்தர ஆள். கோடையில் இரண்டு மணிக்கு ஒருதரம் வெயில் கிறீம் பூசுங்கள் என்றது. யாழ்ப்பாணத்து வெயிலைப் பதினொரு வருடம் விளையாட்டுத் திடலில் நின்று குடித்தவன், இந்த ஊரின் வெளிறிய வெயிலுக்கு இரண்டாவது வேலை வீட்டின் இரண்டு கறுத்தப் பிள்ளைகளைப் பிடித்து வெள்ளை பூசிக்கொண்டு நின்றேன். இலையுதிர் காலத்தில் இலைக் குவியலில் பிள்ளைகளைக் குதிக்க விடுங்கள் என்றது. விட்டேன். அதற்கு முன் தடியெடுத்துக் குவியலை நாலு பக்கமும் அடித்துப் பார்த்தேன்.

"குயா, மொன்றியலில் அப்படிக் கடிக்கும் பாம்பு இல்லை," என்றாள் லோர்னா.

"அது உனக்குத் தெரியும். பாம்புக்குத் தெரியுமோ?"

கடைசிப் படத்தில் ஒரு பனி மனிதன். 'பனிக்காலம் குழந்தைகளுக்குக் குதூகலமான காலம்!' இதை எழுதியவருக்குப் பிள்ளையும் இல்லை, பனியும் இல்லை என்று அடித்துச் சொல்வேன்.

3

இரண்டாவது வீடு கர்க்லாண்டில். சுதா, ராம்குமார், சென்னைக்காரர்கள், இருவருக்கும் கணினி வேலை. மகள் தியாவுக்கு ஏழு வயது, மகன் அர்ஜுனுக்கு நாலு. பிள்ளைகளுக்குத் தமிழ் வரட்டும் என்றுதான் என்னை எடுத்தார்கள். தாங்கள் பிள்ளைகளோடு ஆங்கிலத்தில் பேசிக்கொண்டு, தமிழுக்குத் தனியாக ஒரு ஆளை அமர்த்தினார்கள், குழாய் திருத்த ஆள் கூப்பிடுவது மாதிரி. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு. தாய் தகப்பனுக்கு விளங்கக்கூடாத எல்லாவற்றையும் பிரெஞ்சில் கதைத்துக்கொண்டார்கள்.

எனக்கு நாற்பத்தேழு வயது. முப்பத்தெட்டு வயதான ராம்குமார் என்னை 'அங்கிள்' என்று கூப்பிட்டார். மரியாதையாம்.

தமிழ் வந்தது. ஆறு மாதத்தில் மேசையில் தியா, "அம்மா, எனக்குப் பசிக்கேல்லை, பேந்து சாப்பிடுறன்," என்றாள். சுதா கரண்டியைக் கீழே வைத்தார்.

"அங்கிள், இவ என்ன சொல்றா?"

"தமிழ் கதைக்கிறா."

"இது எங்க தமிழ் மாதிரி இல்லையே. எதுக்கெடுத்தாலும் 'ஓம் ஓம்'ங்கறா. எங்கம்மா போன்ல கேட்டுட்டு, குழந்தைக்கு மந்திரம் எல்லாம் சொல்லிக் குடுக்குறியான்னு சந்தோஷப்படறாங்க."

"அப்ப அவவைக் குழப்பாதேங்கோ," என்றேன்.

சுதா சிரித்துவிட்டார், ராம்குமார் சிரிக்கவில்லை. எதையும் யோசித்துச் செய்கிறவர். ஒரு மின்குமிழ் எரிந்துபோனால் மூன்று நாள் வலைத்தளத்தில் வாசித்துவிட்டுத்தான் ஏணியில் ஏறுவார். ஏறிய பிறகு, அங்கிள் கொஞ்சம் பிடிங்க என்பார். ஏணியை அல்ல, மின்குமிழை.

4

இனிப் பனிக்கால ஆலோசனை. தாளில் இல்லாதது.

பிள்ளையை வெளியே விடுவதற்கு முன் உள்ளாடை, அதன் மேல் இறுக்கமான காற்சட்டை, இரண்டு சோடி காலுறை, கம்பளிச் சட்டை, முழு உடம்புக்கும் பனி உடுப்பு, கழுத்துக்குக் குழாய் மாதிரி ஒன்று, தொப்பி, சப்பாத்து, கையுறை. இந்த ஒழுங்கில் ஒன்று பிசகினாலும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். கடைசிக் கையுறையைப் போட்டு நிமிர்ந்ததும் பிள்ளை மூத்திரம் வருகிறது என்று சொல்லும். முன்னமே சொல்லாது. விடுதியில் தொண்ணூறு பொடியங்களைப் பிரம்பில்லாமல் வரிசையில் நிறுத்தியவன், இந்த இரண்டு பேருக்கும் முன்னால் நாள்தோறும் முழந்தாளில் நின்றேன்.

அது மாசி மாதம், பின்னேரம் நாலு மணி. இருபத்துநான்கு மாதம் நிறைய இன்னும் மூன்றரைக் கிழமை. தெருவோரத்துப் பனி என் தோள் உயரத்துக்குக் குவிந்திருந்தது. தியா அதற்குள் குடைந்து குகை செய்துகொண்டிருந்தாள். நான் சாரத்தைச் சுருட்டி உள்ளே திணித்து, மேலே பனிக்காற்சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். வேலை வீட்டுக்குள் சாரம் உடுப்பது சட்டத்துக்கு விரோதமில்லை, விசாரித்திருக்கிறேன். அப்போது அர்ஜுன் வந்து அந்த வசனத்தைச் சொன்னான்.

"தியா, உதிலையே நில். மாமா ஒரு நிமிசத்திலை வாறன்."

"ஓம் மாமா."

ஒரு நிமிடத்தில் யாரும் ஐந்து வயதுப் பிள்ளையை உரித்து முடித்ததில்லை. உள்ளே சூடு, வியர்த்துக் கொட்டியது. என் கோட்டையும் பனிக்காற்சட்டையையும் சப்பாத்தையும் கழற்றி எறிந்துவிட்டு அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அலுவல் முடித்து வெளியே வரும்போதுதான் அந்த ஊளை கேட்டது.

வெளியூர் ஆட்களுக்குச் சொல்லவேண்டும். இங்கே பெரும் பனி விழுந்த பிறகு தெருவைத் துப்புரவாக்க ஊளையிட்டுக்கொண்டு ஒரு இயந்திரம் வரும். எங்கள் ஊர் லொறியை விடப் பெரிது. முன்னுக்கு, ஆள் உயரத்துக்குச் சுழலும் இரும்புப் பற்கள். குவிந்த பனியைக் கடித்து உறிஞ்சி, பக்கத்தில் வரும் லொறிக்குள் துப்பிக்கொண்டே நகரும். பனியில் குகை செய்யும் பிள்ளைகளைப் பற்றி ஞாயிற்றுக்கிழமைகளில் லோர்னா ஒரு கதை சொல்வாள். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை.

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். தியாவைக் காணவில்லை. குகையின் வாய் இடிந்து மூடியிருந்தது. அதற்கு மேலே, பனிக்குள்ளிருந்து, சிவப்புக் கையுறை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. இயந்திரம் பக்கத்து வீட்டு வாசல்வரை வந்துவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை அயலவர்கள் என்னை விட நன்றாகச் சொல்வார்கள். எல்லாரும் ஜன்னலில் நின்றார்களாம். வெறுங்காலோடு, சாரத்தோடு, மேலே ஒரு பனியனோடு நான் ஓடிப்போய் அந்தப் பற்களுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன். குளிர் சைபருக்குக் கீழே பதினெட்டு. இரண்டு வருடம் பிரெஞ்சு வகுப்புக்குப் போனவன். பாண் வாங்குவதும், தபாற்கந்தோருக்கு வழி கேட்பதும், போன விடுமுறையை எப்படிக் கழித்தேன் என்பதும் எனக்குத் தெரியும். ஒரு சொல்லும் வரவில்லை. "நிப்பாட்டடா! பிள்ளை உள்ளுக்கை!" என்று கத்திக்கொண்டு நின்றேன்.

இயந்திரத்துக்கு முன்னால் நடந்து வந்த செம்மஞ்சள் அங்கிக்காரனுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் நான் திரும்பிப் பனிக்குள் விழுந்து நாய் மாதிரி இரண்டு கையாலும் தோண்டத் தொடங்கியதும் அவனுக்கு விளங்கிவிட்டது. கையைத் தூக்கினான். ஊளை நின்றது. சாரதி குதித்து வந்தான், லொறிக்காரன் மண்வெட்டியோடு வந்தான். யாரும் எதுவும் கேட்கவில்லை. மண்வெட்டி பிள்ளையில் பட்டுவிடும் என்று அவர்களும் கையாலேயே தோண்டினார்கள். சாரதி ஒரு பிரமாண்டமான மனிதன், அழுதுகொண்டே தோண்டினான். இந்த ஊரில் திட்டுவதற்குத் தேவாலயத்துப் பாத்திரங்களின் பெயர்களைச் சொல்வார்கள். அவன் பீடத்தில் ஒன்று மிச்சம் விடாமல் எல்லாவற்றையும் சொன்னான். கையுறையை நான் இழுத்தேன். அது ஒரு தடியின் நுனியில் செருகியிருந்தது. கையில்லை. தடி மட்டும்.

"மாமா, என்ன தேடுறியள்?"

வாசலில் தியா நின்றாள். கையில் மிக்சர் கிண்ணம். குளிருகிறது என்று கராஜ் கதவால் உள்ளே போய், நிலக்கீழ் அறையில் ரீவி பார்த்துக்கொண்டிருந்தாளாம். கையுறை, கோட்டையின் கொடியாம்.

சாரதி அவளைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பிறகு பனியிலேயே இருந்து ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தான். அடிப்பான் என்று நினைத்தேன். தன் கோட்டைக் கழற்றி என் மேல் எறிந்தான்.

5

யாரோ பொலிசுக்குப் போன் அடித்திருந்தார்கள். வந்த பொலிஸ்காரி என்னைச் சோபாவில் இருத்தி, போர்வை சுற்றி, பிள்ளைக்கு நீங்கள் என்ன முறை என்று கேட்டாள். கேட்காமலே வேலை அனுமதித் தாளை எடுத்துக் காட்டினேன். பிறகு கடவுச்சீட்டு, பிரெஞ்சு வகுப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை. கடைசியாகப் பாடசாலை அதிபர் தந்த நற்சான்றுக் கடிதத்தையும் எடுத்தேன். அவள், ஐயா, உங்கள் கால் விரல்களை அசைத்துக் காட்டினால் போதும் என்றாள். அப்படியொரு வீரன் நான்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் கூட்டம் நடந்தது. ராம்குமார் ஒரு குறிப்புப் புத்தகத்தோடு வந்தார்.

"அங்கிள், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க நல்ல மனசு புரியுது. ஆனா இது ஜட்ஜ்மெண்ட் சம்பந்தப்பட்ட விஷயம். தெருவே பாத்துச்சு. போலீஸ் ரிப்போர்ட் ஆயிருக்கு. குழந்தை வீட்டுக்குள்ள இருக்கா, நீங்க லுங்கியோட நடுரோட்ல. இந்த வெள்ளிக்கிழமையோட முடிச்சுக்கலாம்னு நினைக்கிறேன்."

இந்த வெள்ளி என்றால் இன்னும் மூன்று நாள். எனக்கு வேண்டியது மூன்றரைக் கிழமை. கெஞ்சுவதற்கு வாய் திறந்தேன். காலையும் பிடித்திருப்பேன், கூச்சமில்லை. ஒன்றரை வருடமாக இந்த வீட்டில் எல்லாருடைய காலுக்கும் நான்தானே சப்பாத்து மாட்டினேன். ஆனால் சுதா முந்திக்கொண்டார்.

"அங்கிள், ஒண்ணு கேக்கறேன். முதல்ல ஏன் வீட்டுக்குள்ள தேடலை? யாரா இருந்தாலும் அதைத்தானே பண்ணுவாங்க."

"வீடு முழுக்கத் தேட மூண்டு நிமிசம் வேணும், சுதா. மெசின் வர அரை நிமிசம்தான் இருந்தது. அவ உள்ளுக்கை இருந்தா நான் பைத்தியக்காரன், அவ்வளவுதான். வெளியிலை இருந்தா?"

நிலக்கீழ் அறையில் பிள்ளைகள் பிரெஞ்சில் சண்டை பிடித்தார்கள். சுதா கணவனைப் பார்த்தார்.

"ராம், நீயா இருந்தா என்ன பண்ணியிருப்ப?"

ராம்குமார் நேர்மையான மனிதர். யோசித்துத்தான் பதில் சொன்னார்.

"முதல்ல உனக்கு போன் பண்ணியிருப்பேன்."

சுதா குறிப்புப் புத்தகத்தை அவர் கையிலிருந்து வாங்கி மூடினார். எழும்பி, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் இருந்த நாட்காட்டியைப் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "வர்ற திங்கள் ரெண்டரைக்கு அர்ஜுனுக்குப் பல் டாக்டர், அங்கிள். போறப்ப ஷூ போட்டுக்கிட்டுப் போங்க."

6

பங்குனியில் கணக்கு நிறைந்தது. சுதா கையெழுத்திட்ட படிவத்தில், வேலையின் தரம் என்ற கேள்விக்கு 'திருப்தி' என்ற பெட்டியில் சரி போட்டிருந்தார். அதற்கு மேலே இன்னும் இரண்டு பெட்டிகள் இருந்தன. இயந்திரம் என்னைக் கடித்திருந்தால் ஒருவேளை அடுத்த பெட்டி கிடைத்திருக்கும்.

அதன் பிறகு இருபது மாதம் அரசாங்கம் என் தாளை வைத்துக்கொண்டு யோசித்தது. ராம்குமாருக்குச் சொந்தக்காரர் யாரோ அங்கே இருக்கவேண்டும். போன மாதம் பதில் வந்தது. தை மாதம் மனைவியும் மகளும் வருகிறார்கள். தை மாதம்தான் இங்கே குளிர் உச்சம். எங்கள் குடும்பம் நாள் பார்த்து எதையும் செய்ததில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மனைவி போனில் கேட்டாள்: "பிள்ளைக்குக் குளிருக்கு என்ன வாங்கவேணும்? கொழும்பிலை ஏதோ கம்பளிச் சட்டை இருக்காம்."

"ஒண்டும் வாங்காதை. அங்கை விக்கிறது ஒண்டும் உதவாது. எல்லாம் நான் இங்கை எடுத்து வைக்கிறன். அதைப் போடுறதுக்கு ஒரு ஒழுங்கு இருக்கு. அவளுக்குத் தெரியாது. எயர்போட்டிலையே நான் உடுத்தி விடுறன்."

"அவளுக்குப் பதினாலு வயசப்பா," என்றாள்.

நான் வரும்போது பத்து. நடுவில் உள்ள நாலு வருடமும் நான் வேறு பிள்ளைகளின் காலுக்குள் சப்பாத்துத் திணித்துக்கொண்டிருந்தேன்.

"சரி, அப்ப கால் அளவையாவது சொல்லு. பூட்ஸ் வாங்கவேணும்."

"நில்லுங்கோ, அளந்து சொல்லுறன்."

போனை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அளவு நாடாவைத் தேடி லாச்சி இழுக்கும் சத்தம். அதன் பிறகு தூரத்தில், நான் அறியாத ஒரு பெரிய மனுசியின் குரல், "என்னம்மா, இப்ப ஏன் என்ரை காலைப் பிடிக்கிறியள்?" என்றது.